சாட்டர்ன் 5: பெரிதாக்கியபோது தெரிந்தவை

எரிபொருள் நிரப்பி ஏவுமேடையில் நிறுத்திய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எடை சுமார் 2,900 டன். அதன் அடியில் எரியும் ஐந்து எஞ்சின்களும் சேர்ந்து மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 3,400 டன். மிச்சம் ஐந்நூறு டன்தான். அதை வைத்துத்தான் 110 மீட்டர் உயரமுள்ள அந்த உருவம் கிளம்ப வேண்டும். மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன அப்போலோ பயணங்களின் பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: தீயும் புகையும் எழுந்த பிறகும் ராக்கெட் அவசரப்படுவதில்லை. பக்கத்தில் நிற்கும் கோபுரத்தைத் தாண்டவே பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

அந்த முதல் சில கணங்களுக்காகவே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கிளம்புவதற்கு ஒன்பது விநாடி முன்பு எஞ்சின்களைப் பற்றவைப்பார்கள். முதலில் நடு எஞ்சின், பிறகு எதிரெதிராக நிற்கும் இரண்டு, அதன் பின் மற்ற இரண்டு. ஐந்தையும் ஒரே நொடியில் பற்றவைத்தால் அந்த அதிர்ச்சியில் உடற்பகுதியே சேதமாகிவிடும். எல்லாம் முழு வேகத்துக்கு வரும்வரை நான்கு இரும்புக் கரங்கள் ராக்கெட்டின் அடிப்பாகத்தை இறுகப் பிடித்திருக்கும். கரங்கள் விட்ட உடனே ராக்கெட் துள்ளிவிடக் கூடாது என்பதற்காக, நுனி சிறுத்து அடி பருத்த உலோக ஊசிகள் சிலவற்றை மேடையில் பதித்து, அவற்றை ராக்கெட்டில் பொருத்திய துளைத் தகடுகளுக்குள் நுழைத்து வைத்திருந்தார்கள். ராக்கெட் எழும்போது அந்த ஊசிகள் துளை வழியாக இழுபட்டு மெலியும். பொற்கொல்லர் துளைத் தகட்டில் தங்கக் கம்பியை இழுத்து மெலிதாக்கும் அதே வேலை. முதல் பதினைந்து சென்டிமீட்டர் தூரம் மட்டும் ராக்கெட்டைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தி, மெல்ல விடுவது அந்த ஊசிகளின் பணி. மின்சாரமோ கணினியோ தேவையில்லாத இந்த எளிய யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த 2,900 டன்னில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிபொருளும் அதை எரிக்க உதவும் திரவ ஆக்சிஜனும்தான். நிலவை நோக்கிப் போனது சுமார் 45 டன். ராக்கெட் தன் எரிபொருளைத் தானே சுமக்க வேண்டும். அந்தச் சுமையைத் தூக்க மேலும் எரிபொருள் வேண்டும். அதைத் தூக்க இன்னும் கொஞ்சம். ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903இல் சமன்பாடாக எழுதி வைத்த இந்தக் கணக்கிலிருந்து இன்றுவரை எந்த ராக்கெட்டும் தப்பவில்லை. காலியான தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் வழியிலேயே கழற்றிவிடுவதுதான் இருக்கும் ஒரே நிவாரணம். அதனால்தான் அடுக்குகள். சாட்டர்ன் 5இல் மூன்று அடுக்குகள்.

ஒரு சிறிய ராக்கெட்டை எடுத்து எல்லா அளவுகளையும் பத்தால் பெருக்கினால் பெரிய ராக்கெட் வந்துவிடும் என்று தோன்றலாம். வராது. சிறியதில் கண்ணுக்கே தெரியாமல் கிடந்த குணங்கள் பெரியதில் தலைதூக்கும். சாட்டர்ன் 5இன் கதை முழுவதும் இதுதான்.

முதல் அடுக்கில் எரிந்தது ராக்கெட்டுக்கென்று சுத்திகரித்த மண்ணெண்ணெய். மேலே உள்ள இரண்டு அடுக்குகளிலும் திரவ ஹைட்ரஜன். ஒரு கிலோ எரிபொருளிலிருந்து கிடைக்கும் உந்துதலைப் பார்த்தால் ஹைட்ரஜன்தான் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. அப்படியானால் முதல் அடுக்குக்கும் அதையே வைத்திருக்கலாமே என்றால், சிக்கல் இடத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் சுமார் 800 கிராம். ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜன் சுமார் 70 கிராம். தரையிலிருந்து எழும்பத் தேவையான அளவு ஹைட்ரஜனை அடைக்கப் பூதாகாரமான தொட்டி வேண்டும். தரையில் கனமான எரிபொருள், உயரே இலகுவான எரிபொருள் என்ற பங்கீடு அப்படி வந்தது.

மண்ணெண்ணெயை எரித்த எஞ்சினின் பெயர் எஃப்-1. கலிஃபோர்னியாவின் ராக்கெட்டைன் நிறுவனம் செய்தது. அதே நிறுவனம் முந்தைய சாட்டர்ன் ராக்கெட்டுகளுக்குச் செய்த எச்-1 எஞ்சினின் உந்துவிசை சுமார் 90 டன். எஃப்-1இன் உந்துவிசை சுமார் 680 டன். ஒரே எரியறை, ஒரே கூம்பு வாய். உயரம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல். வாயின் அகலம் மூன்றரை மீட்டருக்கு மேல். விநாடிக்கு இரண்டரை டன்னுக்கும் அதிகமாக எரிபொருளும் ஆக்சிஜனும் விழுங்கும். ஐந்து எஞ்சின்களுக்கும் சேர்த்தால் விநாடிக்குப் பதின்மூன்று டன்.

இவ்வளவையும் எரியறைக்குள் தள்ளுவது ஒரு பம்ப். அதைச் சுழற்றும் டர்பைனின் திறன் 55,000 குதிரைத்திறன். டர்பைனுக்குள் பாய்வது பல நூறு டிகிரி சூட்டில் வரும் வாயு. அதே தண்டின் மறுமுனையில் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். டர்பைனைச் சுழற்றிய வாயுவையும் சும்மா விடவில்லை. எரியறையில் 3,000 டிகிரியைத் தாண்டும் தீயோடு ஒப்பிட்டால் அது குளிர்ந்த வாயு. அதைக் கூம்பு வாயின் உட்சுவரை ஒட்டிப் பரப்பிவிட்டு, சுவர் உருகாமல் காத்தார்கள். படங்களில் எஞ்சின் வாயிலிருந்து வரும் தீ முதலில் கருமையாக இருந்து, சற்றுக் கீழே இறங்கிய பிறகுதான் வெண்மையாகக் கண்ணைப் பறிக்கும். அந்தக் கருமை இந்த வாயுதான். இன்னொரு சிக்கனம்: எஞ்சினைத் திசை திருப்பும் ஹைட்ராலிக் அமைப்புக்குத் தனி எண்ணெய் கிடையாது, எரியப் போகும் மண்ணெண்ணெயே அந்த வேலையையும் செய்தது. பம்பின் தாங்கிகளுக்கு மசகும் அதே மண்ணெண்ணெய்தான்.

இப்போது பெரிதாக்கியதன் முதல் தண்டனைக்கு வருவோம். 1962 ஜூன் 28 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனைக்கு எரித்துக்கொண்டிருந்த எஃப்-1 எஞ்சின் ஒன்று தன்னைத்தானே அழித்துக்கொண்டது. காரணம் எரிதலின் நிலைகுலைவு. எரியறையின் தலைப்பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தில் வட்டமான ஒரு தட்டு உண்டு. அதிலுள்ள ஆயிரக்கணக்கான துளைகள் வழியாக எரிபொருளும் ஆக்சிஜனும் பீச்சி அடித்து, மோதிச் சிதறி, கலந்து எரியும். எல்லாம் ஒரே சீராக எரிந்தால் சிக்கலில்லை. எங்கேனும் ஓரிடத்தில் அழுத்தம் ஒரு துளி கூடினால், அந்த அழுத்தம் அலையாகிச் சுவரில் மோதித் திரும்பும். திரும்பிய அலை சில துளிகளை முன்கூட்டியே எரியவைக்கும். அதனால் அலை இன்னும் வலுக்கும். விநாடிக்குச் சில நூறு முறை இப்படிச் சுற்றிச் சுழலும் அலை, கண் இமைப்பதற்குள் எஞ்சினைக் கிழித்துவிடும். சிறிய எஞ்சின்களிலும் இந்தத் தொல்லை இருந்தது. எஃப்-1இன் அகன்ற அறையில் அலை உருண்டு விளையாடத் தாராளமாக இடம் கிடைத்துவிட்டது.

நிலவுக்கு மனிதனை அனுப்புவதாக அமெரிக்க அதிபர் கென்னடி அறிவித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்த எஞ்சின் இல்லாவிட்டால் மொத்தத் திட்டமும் இல்லை. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள மார்ஷல் மையத்திலிருந்து ஜெர்ரி தாம்சனும், ராக்கெட்டைனிலிருந்து பால் காஸ்டென்ஹால்ஸும் இதற்கென்று அமைத்த குழுவை நடத்தினார்கள். எரியறைக்குள் என்ன நடக்கிறது என்பதை முழுமையாகக் கணக்கிட அன்று யாரிடமும் வழி இல்லை. நிலைகுலைவு எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. சில நாள் வரும், பல நாள் வராது. வரும்வரை காத்திருந்தால் ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே அவர்களே அதை வரவழைத்தார்கள். எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் சிறு வெடி ஒன்றை வைத்து வெடிப்பார்கள். அழுத்தம் குலையும். அது எத்தனை நேரத்தில் தானாக அடங்குகிறது, அல்லது அடங்காமல் எஞ்சினைத் தின்கிறது என்று அளப்பார்கள். பிறகு தட்டை மாற்றுவார்கள். துளையின் அகலத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். தாரைகள் ஒன்றோடொன்று மோதும் கோணத்தை மாற்றிப் பார்த்தார்கள். தட்டின் முகத்தில் செம்பினால் தடுப்புச் சுவர்களை எழுப்பி, பதின்மூன்று அறைகளாகப் பிரித்து, அலை வட்டமடிக்க விடாமல் மறித்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி எரிப்பு, மறுபடி வெடி. முழு அளவு எஞ்சினில் மட்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் சோதனைகள் நடந்தன.

இறுதியில் கிடைத்த வடிவத்தில், வெடி வைத்துக் குலைத்தாலும் எரிதல் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் தானாகவே சீராகிவிடும். அந்த வடிவம் ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு முழு விளக்கம் கைவசம் இல்லாமலேயே அதை ஏற்றுக்கொண்டார்கள். அறிவியல் முதலில் கோட்பாட்டைக் கண்டுபிடிக்கும், பொறியியல் பின்னால் வந்து அதைச் செயல்படுத்தும் என்று பள்ளியில் படித்த வரிசையை இந்தத் தட்டு தலைகீழாக்குகிறது. பறந்த அறுபத்தைந்து எஃப்-1 எஞ்சின்களில் ஒன்றுகூட இந்தக் காரணத்தால் கெடவில்லை.

இரண்டாம் அடுக்கின் கவலை வேறு: எடை. நிலவுக் கலத்தின் எடை வடிவமைப்பின் நடுவே ஏறிக்கொண்டே போனது. எங்கேயாவது குறைத்தாக வேண்டும். கலத்தில் ஏறிய ஒரு கிலோவை ஈடுகட்ட முதல் அடுக்கில் பதினான்கு கிலோ குறைக்க வேண்டும். இரண்டாம் அடுக்கில் நான்கைந்து கிலோ குறைத்தால் போதும். மூன்றாம் அடுக்கோ முந்தைய ராக்கெட் ஒன்றுக்காக ஏற்கெனவே உருவாகிவிட்டது. எனவே சுமை முழுவதும் இரண்டாம் அடுக்கைச் செய்த நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

ஹைட்ரஜன் தொட்டிக்கும் ஆக்சிஜன் தொட்டிக்கும் தனித்தனி மூடி வைக்காமல், இரண்டுக்கும் பொதுவாக ஒரே குவிந்த சுவர் வைத்தார்கள். இதில் மட்டும் 3.6 டன் மிச்சம். ஆனால் அந்தச் சுவரின் ஒரு பக்கம் மைனஸ் 253 டிகிரி, மறுபக்கம் மைனஸ் 183 டிகிரி. எழுபது டிகிரி வித்தியாசத்தைச் சில சென்டிமீட்டருக்குள் தாங்காவிட்டால், ஹைட்ரஜனின் குளிரில் ஆக்சிஜன் உறையத் தொடங்கிவிடும். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தேன்கூட்டு அமைப்பிலான பிசின் பொருளை வைத்து ஒட்டி அந்தச் சுவரைக் கட்டினார்கள். பத்து மீட்டர் அகலக் குவிமாடத்தின் தகடுகளை வளைக்க வழக்கமான அழுத்து இயந்திரம் போதவில்லை. அச்சின் மேல் தகட்டை வைத்துத் தண்ணீருக்குள் இறக்கி, வெடி வைத்து, அந்த அதிர்வில் வளைத்தார்கள். வெல்டிங் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. 1965இலும் 1966இலும் சோதனைத் தொட்டிகள் வெடித்துப் பிளந்தன. மூன்று அடுக்குகளில் கடைசியாகத் தயாரானது இதுதான்.

1967 நவம்பர் 9 அன்று சாட்டர்ன் 5 முதன்முறையாகப் பறந்தது. ஒவ்வோர் அடுக்காகப் பறக்கவிட்டுப் பார்க்கும் பழைய முறையைக் கைவிட்டு, மூன்றையும் ஒன்றாக ஏவிவிடலாம் என்று நாசாவின் ஜார்ஜ் முல்லர் எடுத்த முடிவு அன்று வென்றது. ஐந்து மாதம் கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று, ஆளில்லாமல் போன இரண்டாவது பயணமான அப்போலோ 6, அந்த நிம்மதியைக் கலைத்தது.

முதல் அடுக்கு எரிந்து முடியும் தருவாயில் ராக்கெட் நீளவாக்கில், விநாடிக்கு ஐந்து முறை வீதம், குதிக்கத் தொடங்கியது. உடல் அதிரும்போது குழாயில் உள்ள ஆக்சிஜனின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அழுத்தம் ஏறி இறங்கினால் எஞ்சினின் உந்துவிசை ஏறி இறங்குகிறது. அதனால் உடல் மேலும் அதிர்கிறது. உடலின் இயல்பான அதிர்வும் குழாயின் அதிர்வும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டால் நிறுத்துவது கடினம். மருந்து எளிதாகக் கிடைத்தது. ஆக்சிஜன் குழாய்களின் வால்வுகளில் இருந்த வெற்றிடங்களுக்குள் ஹீலியம் வாயுவை நிரப்பினார்கள். திரவம் அமுங்காது, வாயு அமுங்கும். அந்த வாயுக் குமிழிகள் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு தாளத்தை மாற்றின.

அடுத்த கோளாறுதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. இரண்டாம் அடுக்கின் ஐந்து ஜே-2 எஞ்சின்களில் இரண்டாவது எஞ்சின் நடுவழியில் நின்றது. உடனே மூன்றாவதும் நின்றது. பிறகு மூன்றாம் அடுக்கின் ஒற்றை ஜே-2, விண்வெளியில் மறுபடி பற்றவைக்கச் சொன்னபோது மறுத்துவிட்டது. மூன்றாவது எஞ்சின் நின்றதற்குக் காரணம் வெறும் கம்பி இணைப்பு: இரண்டாவதின் வால்வை மூடச் சொன்ன கட்டளை, மாறிப்போன கம்பி வழியாக மூன்றாவதுக்குப் போயிருந்தது. ஆனால் மற்ற இரண்டும் ஏன் கெட்டன? பற்றவைப்பானுக்கு ஹைட்ரஜன் கொண்டுபோகும் விரல் பருமனான குழாய் ஒன்று முறிந்திருக்க வேண்டும் என்று தரவுகள் சொல்லின. நெளிந்து கொடுப்பதற்காக அதில் மடிப்பு மடிப்பான ஒரு பகுதி உண்டு. தரையில் எத்தனையோ முறை சோதித்தும் முறியாத குழாய்.

ஒருவழியாக விடை கிடைத்தது. திரவ ஹைட்ரஜன் ஓடும் குழாயின் குளிரில், அதைத் தொடும் காற்றே திரவமாகிவிடும். தரையில் சோதிக்கும்போது, மடிப்புகளைச் சுற்றிய கம்பிப் பின்னலில் அந்தத் திரவக் காற்று தேங்கி, அதிர்வைத் தணித்துக்கொண்டிருந்தது. உயரே காற்றில்லை; தணிக்க ஆளில்லை. வெற்றிட அறைக்குள் வைத்து ஹைட்ரஜனைப் பாய்ச்சியதும் குழாய்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. மடிப்புகளை நீக்கிவிட்டு, வெறுமனே வளைத்த குழாயைப் பொருத்தினார்கள். தீர்ந்தது. பூமியின் காற்று, யாருக்கும் தெரியாமல், ஒரு குறையை மூடி மறைத்திருந்தது. மேல் அடுக்கு எஞ்சின்களை வெற்றிடத்தை ஒத்த சூழலில் வைத்து எரித்துப் பார்ப்பதற்கு ஏன் அத்தனை செலவு செய்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ அப்படிப்பட்ட வசதியை வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

இந்தத் திருத்தங்களைச் செய்துவிட்டு, ஆளில்லாத இன்னொரு சோதனைகூட நடத்தாமல், அடுத்த சாட்டர்ன் 5இலேயே மூன்று பேரை உட்கார வைத்தார்கள். 1968 டிசம்பர் 21 அன்று போர்மன், லவல், ஆண்டர்ஸ் மூவரும் அப்போலோ 8இல் நிலவைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். துணிச்சலா, அவசரமா என்று கேட்டால், இரண்டும் என்றுதான் சொல்வேன்.

மூன்றாம் அடுக்கின் தலைமேல் ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் ஒரு வளையம் இருந்தது. ஐபிஎம் நிறுவனம் செய்தது. ராக்கெட்டின் மூளை அதற்குள். முக்கியமான ஒவ்வொரு கணக்கையும் மூன்று சுற்றுகள் தனித்தனியே செய்து, இரண்டு ஒத்துப்போகும் விடையை எடுத்துக்கொள்ளும். 1969 நவம்பர் 14 அன்று அப்போலோ 12 கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் அதை இருமுறை மின்னல் தாக்கியது. மேலே வீரர்கள் இருந்த கலத்தின் மின்சாரம் தடுமாறி, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்தன. கீழே இருந்த வளையம் வழி தவறாமல் ராக்கெட்டை ஓட்டிக்கொண்டிருந்தது.

அதே காலத்தில் சோவியத் ஒன்றியம் கட்டிய என்-1 ராக்கெட் பெரிதாக்கும் சிக்கலை வேறு வழியில் தவிர்க்கப் பார்த்தது. ராட்சத எஞ்சினுக்குப் பதில் முதல் அடுக்கில் முப்பது நடுத்தர எஞ்சின்கள். எரிதல் நிலைகுலையும் தொல்லை குறைந்தது. ஆனால் முப்பதையும் ஒன்றாக நடத்தும் தொல்லை வந்தது. அந்த எஞ்சின்களில் சில வால்வுகள் ஒரே ஒருமுறைதான் திறக்கும் என்பதால், சோதித்த எஞ்சினைப் பறக்கவிட முடியாது. ஒவ்வொரு தொகுப்பிலும் சிலவற்றை எரித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை நம்பினார்கள். முதல் அடுக்கு முழுவதையும் தரையில் கட்டி வைத்து எரித்துப் பார்க்க மேடையும் இல்லை. 1969க்கும் 1972க்கும் இடையே நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. 1969 ஜூலை 3 அன்று அது விழுந்து ஏவுமேடையையே அழித்தது. இன்று ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் முதல் அடுக்கில் முப்பத்து மூன்று எஞ்சின்கள் எரிகின்றன. சோவியத் பொறியாளர்கள் தேர்ந்த பாதை தவறில்லை. அதில் நடக்கத் தேவையான கணினியும் சோதனை வசதியும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

சாட்டர்ன் 5ஐப் பாராட்டும் யாரும் அதன் பிறப்பின் இருளைத் தாண்டிப் போகக் கூடாது. ஹன்ட்ஸ்வில்லின் மார்ஷல் மையத்துக்குத் தலைவராக இருந்த வெர்னர் ஃபான் பிரவுனும், சாட்டர்ன் 5 திட்டத்தை நடத்திய ஆர்தர் ருடால்பும், இட்லரின் ஜெர்மனிக்கு வி-2 ஏவுகணையைச் செய்தவர்கள். அந்த ஏவுகணைகளைப் பூட்டியவர்கள் மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகள். ஆயிரக்கணக்கில் அங்கேயே இறந்தார்கள். அந்தக் கைதிகளின் உழைப்பில் ருடால்புக்கு இருந்த பங்கு பற்றி விசாரணை கிளம்பியதும், 1984இல் அவர் அமெரிக்காவைவிட்டு வெளியேறி, அதன் குடியுரிமையைத் துறந்தார். நிலவுப் பயணத்தின் வரலாற்றில் இதுவும் ஓர் அத்தியாயம். அதைக் கிழித்துவிட்டுப் படிக்க முடியாது.

பதின்மூன்று முறை பறந்த சாட்டர்ன் 5, 1973 மே 14 அன்று ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தைச் சுமந்ததோடு ஓய்ந்தது. அதன் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்று அவ்வப்போது ஒரு கதை சுற்றும். தொலையவில்லை, நுண்படச் சுருள்களில் இருக்கின்றன. ஆனால் வரைபடம் மட்டும் இருந்து பயனில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புதிய கனரக ராக்கெட்டுக்காக மார்ஷல் மையத்தின் இளம் பொறியாளர்கள், சேமிப்பில் கிடந்த எஃப்-1 எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான குழாய்களை ஒட்டவைத்துக் கட்டிய எரியறை, கைத்திறனால் போட்ட வெல்டிங்குகள், வரைபடத்தில் இல்லாத சிறு சிறு திருத்தங்கள். ஒவ்வோர் எஞ்சினையும் அதைப் பூட்டிய தொழிலாளி தன் கைப்பழக்கத்துக்கு ஏற்பச் சரிசெய்திருந்தார். அந்தப் பழக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் ஒளியால் வருடி அளந்து, கணினியில் மறுபடி வரைந்தார்கள். 2013 ஜனவரியில், டர்பைனைச் சுழற்றும் வாயுவை உண்டாக்கும் உறுப்பை மட்டும் தனியே மேடையில் மாட்டி எரித்தார்கள். மொத்த எஞ்சினில் அது ஒரு மூலை. அதிலிருந்து கிடைத்த உந்துவிசை மட்டுமே சுமார் 14 டன்.